கொள்ளி வைத்த பிள்ளையிடம் யார் கேள்வி கேட்பார்கள்

தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருப்பதாக மருமகள் சொன்னாள். நானும் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், மருந்துக் குளிசை போடுகிறேன், உடுப்புத் தோய்க்க லோண்ட்ரிக்கு இறங்கி ஏறுகிறேன். நாளைக்கு எத்தனை பாகை குளிர் என்று சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை. அப்பா அதைச் சொல்லாமல் ஒருநாளும் படுத்ததில்லை, நான் அதைக் காதில் போட்டதும் இல்லை. இப்போது காலையில் யன்னலால் எட்டிப் பார்த்து, கீழே நடக்கிறவர்கள் எந்த ஜாக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதன்படி நானும் போட்டுக்கொண்டு போகிறேன். அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. அழுகை வருகிற நேரம் வருகிறது, போகிற நேரம் போகிறது.

நீ போன் எடுத்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. நான் எடுத்தால் மறுபடியும் சண்டையில்தான் முடியும் என்று நினைத்து நானும் எடுக்கவில்லை. எழுதினால் இடையில் நீ குறுக்கிட முடியாது, நானும் குரலை உயர்த்த முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் திருத்தி வாசி. இதை உனக்கு ஒளித்து மறைத்து எழுதவில்லை. எங்கள் கட்டடத்துச் சரோ அக்காவுக்கும் சந்திராவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன், அவர்களைப் பற்றியும் இதில் இருப்பதால். புதன்கிழமை பின்னேரம் நீ இரண்டாவது கூட்டத்துக்காக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாய். அன்றைக்கு நடக்கப்போவதை நீ அங்கே வந்து நின்று தெரிந்துகொள்ளக்கூடாது. முதலே என்னிடம் இருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடம் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நீ அங்கே முதலாம் வகுப்புக்குப் போன நாளில் எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காத்து நின்றால் பிள்ளைக் கூட்டத்தில் எங்களுக்கு உள்ளே ஏற முடியாது. இப்போது அப்படி இல்லை. வசதி வந்தவர்கள் நகரத்துக்கு வெளியே பிக்கரிங், மார்க்கம் என்று வீடு வாங்கிப் போனார்கள். வசதி வராதவர்களும் பிள்ளையை மட்டும் அனுப்பினார்கள். மாமன் வீட்டு விலாசம், சித்தப்பா வீட்டு விலாசம் என்று கொடுத்து, 'நல்ல' பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, காலையில் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்கள். எங்கள் சனம் செய்கிற வேலை அது. பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகள் வெறுமையானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நீ சொன்னபோது நான் மறுக்கவில்லை. "இப்பிடியே விட்டா மூடிப்போடுவாங்கள் அம்மா. அக்கடமி ஆக்கினா கட்டடமாவது மிஞ்சும்" என்றாய். சங்கீதம், நடனம், படம் கீறுதல் எல்லாம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடமாக மாற்றுவது, நகரத்தில் எங்கிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம், குலுக்கலில் பெயர் வந்தால் இடம். நீ வேலை செய்கிற கல்விச்சபையின் யோசனை அது, அதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துகிற பொறுப்பு உனக்கு.

நீ அதை மனதார நம்பித்தான் செய்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நாலாம் வகுப்பில் உனக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்துவிட்டார்கள், நினைவிருக்கிறதா? ஒரே பாட்டை மூன்று மாதம் ஊதினாய். கீழ் வீட்டுக் கிழவர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். நீ அதை மேளம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக ஊதுவாய். அடுத்த வருடம் உனக்கு டிரம்பெட் படிக்க ஆசை வந்தது. "குழலுக்கே இடிக்கிறான், உதுக்குப் பொலிசைக் கூப்பிடுவான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த ஆசை உனக்குள் எங்கேயோ இருந்துதான் இந்தப் பள்ளிக்கூடத்தை அக்கடமி ஆக்க இவ்வளவு பாடுபடுகிறாய் என்று நான் நினைக்கிறேன். அதில் பிழை காண மாட்டேன்.

முதல் கூட்டத்துக்கு முதல்நாள் நீ போன் எடுத்து, "அம்மா, உங்கட பில்டிங் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் சொன்னா வருவினம்" என்றாய். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நான் கதவு கதவாகத் தட்டினேன். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். அந்த முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரியவே விடாமல் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அடுக்குச் சட்டிகளோடு லிஃப்டில் ஏறியவர்கள். "என்ர மகன் கதைக்கிறான், வந்து ஒருக்கா இருங்கோ" என்றேன். ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "ஓம் ஓம், வாறம்" என்றார்கள். பள்ளிக்கூட ஜிம்மில் போட்டிருந்த கதிரைகள் எல்லாம் நிரம்பின. உன்னோடு வந்த வெள்ளைக்கார அம்மா கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனாள், உன் தோளில் தட்டினாள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

நீ படம் போட்டுக் காட்டினாய், ஆங்கிலத்திலும் தமிழிலும் வடிவாகச் சொன்னாய். முடிவில், "ஏதும் கேள்வி இருக்கே?" என்றாய். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் கேட்டாய். சரோ அக்கா கைப்பையைத் திறந்து மூடினா. யாரோ இருமினார்கள். "அப்ப நன்றி" என்றாய். எல்லோரும் எழும்பினார்கள். நீ வாசலுக்கு வரவில்லை, அந்த அம்மாவோடு மேடைப்பக்கம் நின்று கம்பியூட்டர் வயரைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் போனில் உன் குரலில் சந்தோசம். "அம்மா, உங்கட ஆக்கள் ஒருத்தரும் எதிர்க்கேல்லை. எல்லாருக்கும் ஓகே. அப்பிடியே மேல சொல்லிப்போட்டன்." எனக்கும் அப்போது அப்படித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை உடுப்புக் கூடையோடு கீழே லோண்ட்ரிக்குப் போனேன். சரோ அக்காவும் சந்திராவும் மெஷினுக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் கதை நின்றது. சந்திராவை நீ கண்டிருப்பாய், எட்டாம் மாடி, புருஷன் லொறி ஓட்டுகிறவன், கிழமைக் கணக்கில் வீட்டில் இருக்கமாட்டான். அவள் பாண் ரொட்டி செய்கிற தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். மிதுனா என்று முதலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை.

"என்னடி பிள்ளை, என்னைக் கண்டதும் வாயைப் பூட்டிப்போட்டியள்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அன்ரி. சும்மா."

"சொல்லன். இவ என்ன உன்னைக் கடிக்கவே போறா?" என்றா சரோ அக்கா. "நீ சொல்லாட்டி நான் சொல்லுவன். பேந்து என்ர வாயில இருந்து வாறது உப்புப் புளி எல்லாம் சேர்ந்துதான் வரும்."

சந்திரா தோய்த்த உடுப்பை உதறி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இப்ப மிதுனா பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையோட இறங்கிப் போவாள் அன்ரி. ரோட்டுக் கடக்கத் தேவையில்லை. பில்டிங் வளவைத் தாண்டினாப் பள்ளிக்கூடம். அதாலதான் நான் விடியமுன்னம் வேலைக்குப் போறன். இனி குலுக்கலில அவளுக்கு வராட்டி பெரிய ரோட்டுக்கு அங்கால பள்ளிக்கூடம், பஸ் எண்டினம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்து எங்களுக்கு வராட்டி? ஆர் அவளோட பஸ்ஸுக்கு நிக்கிறது? நான் நிண்டா வேலை போயிரும்."

"உதை ஏன் கூட்டத்தில கேக்கேல்லை?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சரோ அக்காதான் சொன்னா. "ஏனடியப்பா, உனக்குக் கண்ணில்லையே? கொள்ளி வைச்ச பிள்ளை, மொட்டைத் தலையில மயிர் இன்னும் வடிவா முளைக்கேல்லை, அதோட வந்து எங்களுக்கு முன்னால நிக்கிறான். நீ முன் வரிசையில வெள்ளைச் சீலையோட இருக்கிறாய். அந்த நேரத்தில எழும்பி நிண்டு அவனைக் கேள்வி கேட்டா நாங்கள் மனுசரே? அவன்ர மேலிடத்து அம்மா வேற பக்கத்தில நிக்கிறா. அவவுக்கு முன்னால பெடியன்ர மானத்தை வாங்கிறதே?"

"அங்கிளின்ர பிள்ளை அன்ரி" என்றாள் சந்திரா. "எனக்கு வாய் வரேல்லை."

"எங்கட பில்டிங் சிவம் அண்ணைக்கு மட்டும் வாய் வந்தது, வெளியில வந்து கார் பார்க்கில" என்றா சரோ அக்கா. "பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தோணுமாம், போராடோணுமாம். தன்ர பெடியை மச்சான்ர மார்க்கம் அட்ரஸில படிப்பிச்சுக்கொண்டு. நான் கேட்டன், 'அண்ணை, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்லுறியள்?' எண்டு. காரை எடுத்துக்கொண்டு போட்டார்."

அதற்குச் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மேலே வந்து குசினிக் கதிரையில் இருந்து யோசித்தேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அவர்களின் வாயைக் கட்டிப்போட்டதும் எங்கள் வீட்டுத் துக்கம். நீயும் நானும் அதை அறியாமல் செய்தோம். ஆனால் அறிந்த பிறகு நீ பேசாமல் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. அதைத்தான் அன்றைக்கு உனக்குப் போனில் சொன்னேன்.

நீ சொன்ன ஒவ்வொன்றும் என் காதில் இருக்கிறது. "கேக்கிறதுக்குத்தானே அம்மா கூட்டம் வைச்சது? நான் ரெண்டு தரம் கேட்டனான், எனி குவெஸ்சன்ஸ் எண்டு. வாய் இருக்குத்தானே?" என்றாய். உன் தலையைப் பார்த்தார்கள், அதனால் கேட்கவில்லை என்றேன். "அம்மா, இது என்ர வேலை. அப்பாவின்ர சாவை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ" என்றாய். நான் கொண்டுவரவில்லை, நீதான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய் என்றேன். அது கடுமையான பேச்சு. நீ போனை வைத்துவிட்டாய். சொன்னது உண்மை என்றாலும் அந்த விதத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

அப்பாவை நினைத்துப் பார். உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். பிள்ளைகள் இருக்கிற அந்தக் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருப்பார். ரீச்சர் உன்னைப் பற்றி நல்லது கெட்டது எல்லாம் சொல்லி முடித்து, கேள்வி இருக்கிறதா என்பா. "நோ, தாங்க்யூ, வெரி குட்" என்பார். அந்த மனுசனுக்குக் கேள்வி இல்லை என்று அந்த ரீச்சர் நினைத்திருப்பா. வாசலில் சப்பாத்துக்கு நூல் கட்டும்போதே தொடங்கிவிடும். "ஏன் கணக்கில குறைஞ்சவன்? ஆரோட இருத்தியிருக்கினம்? கண் தெரியேல்லையோ? என்ன சாப்பிட்டவன் எண்டு கேட்டியே?" வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வருவார். "அங்க வைச்சுக் கேட்டிருக்கலாமே" என்றால், "ரீச்சரை எதிர்த்துக் கேக்கிறதே?" என்பார். நீ அப்போது எங்களுக்கு நடுவில் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாய். அந்தச் சத்தமில்லாத சனத்தின் வீட்டில் வளர்ந்தவன் நீ. உன்னோடு வந்த அந்த அம்மாவுக்கு எங்கள் மௌனம் விளங்காதது குற்றம் இல்லை. உனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் எங்கள் சனத்தோடு அறுபது வருடத்துக்கு மேல் சீவித்திருக்கிறேன். ஆகவே கேள். எங்கள் ஆட்களிடம் ஒன்றைக் கேட்டால், கேட்டுவிட்டு மேடைப் பக்கம் போய் நிற்காதே. சப்பாத்துப் போடுகிற இடத்தில் போய் நில். அங்கேதான் வாய் திறக்கும். வயதுபோனவர்கள் 'ஓம்' என்றால், சரி என்று எழுதாதே, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு இன்னொரு தரம் கேள். அதோடு, உன்னில் அன்பு வைத்திருக்கிறவர்கள் உன்னை எதிர்த்துப் பேசாதபோது, அதை உன் பக்கம் சேர்த்துக் கணக்கெடுக்காதே. அது உனக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தது. அதைக் கொண்டுபோய் மேலிடத்தில் சம்மதம் என்று கொடுப்பது, இரவல் வாங்கிய நகையை விற்பதுபோல.

அக்கடமி நல்லதா கூடாததா என்று எனக்குத் தெரியாது. இங்கே இருக்கிறவர்களிலும் பலருக்கு அது விருப்பம்தான். சரோ அக்காவின் பேத்தி நன்றாக ஆடுவாள், அவளுக்கு இடம் கிடைத்தால் அவ அந்தக் குலுக்கலையே கும்பிடுவா. உன்னைத் தோற்கடிக்க ஒருவரும் வரவில்லை. இப்போது படிக்கிற பிள்ளைகளை, இந்தக் கட்டடங்களில் இருந்து நடந்து வருகிறவர்களை, குலுக்கல் இல்லாமல் வைத்திருக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்கப்போவது. முடியும் என்றால் அதைச் சொல். முடியாது என்றால் ஏன் என்று சொல். நீ எதிர்ப்பு இல்லை என்று சொன்ன இடத்தில் எதிர்ப்பு இருக்கிறது என்று இனித் தெரியவரும். உன் மேலிடம் உன்னில் மனம் கோணலாம். அதையும் நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு இரவு யோசித்தேன். நீ என் பிள்ளை, உனக்குக் குறை வரக்கூடாது என்றுதான் முதலில் மனம் போனது. பிறகு மிதுனா பையைத் தூக்கிக்கொண்டு வளவைக் கடந்து போவதை பல்கனியில் நின்று பார்த்தேன். உனக்குக் குறை வந்தால் நீ வளர்ந்தவன், தாங்குவாய். அந்தக் குறை அவளிடம் வந்தால் அவள் என்ன செய்வாள்?

ஆகையால் நான் மறுபடியும் கதவு கதவாகப் போனேன். முதல் தரம் போன அதே கதவுகள். "துக்க வீடு எண்டு பாக்காதேங்கோ. அவரும் அங்க வைச்சுக் கேக்காமல் வீட்டை வந்து கேட்ட மனுசன்தான். நீங்கள் அங்க வைச்சே கேளுங்கோ" என்று சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அழுதார்கள், அப்பாவை நினைத்து. ஒருவர் தேத்தண்ணி தந்தார். நான் வெள்ளைச் சீலை கட்டாமல் போனேன், வேண்டுமென்றுதான். ஆண்டு முடியும்வரை கட்டுவேன் என்று நினைத்திருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்.

கடைசியாகச் சந்திரா வீட்டுக்குப் போனேன். முதல் கேள்வி அவள்தான் கேட்கவேண்டும் என்றேன். கண்ணெல்லாம் கலங்கிப் போய் நின்றாள். "ஏலாது அன்ரி. எழும்பி நிண்டு உங்கட மகன்ர முகத்தைப் பாத்தா எனக்கு அங்கிளின்ர முகம்தான் தெரியும். கேள்வி மறந்து போயிரும்" என்றாள். அவள் சொல்வது பொய் இல்லை. நீ அப்பாவை உரித்து வைத்தவன், மொட்டை அடித்த பிறகு இன்னும் கூடுதலாக. நான் சொன்னேன், "அப்ப அவன்ர முகத்தைப் பாக்காதை. என்னைப் பாத்துக் கேள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் எங்க இருப்பியள்?" என்றாள். உனக்கு முன்னால், முதல் வரிசையில், அவள் பக்கம் திரும்பி இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

புதன்கிழமை நீ மேடையில் நிற்கும்போது எல்லோரும் உன்னைப் பார்த்து இருப்பார்கள், நான் ஒருத்தி மட்டும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பேன். உன்னோடு வருகிற அந்த அம்மா என்ன நினைப்பாளோ தெரியாது. உனக்கு என் முதுகுதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே சந்திராவுக்குப் பதில் சொல்.

உன் அம்மா